பதினான்காவது ஃபிரெட்

என் தங்கை புருஷனுக்குக் குழுவில் பெயர் கம்பி. சேர்ந்த முதல் வாரமே மேடையில் கிட்டார் கம்பி அறுந்து அவன் கன்னத்தில் ஒரு கோடு போட்டது. கன்னத்தைத் துடைக்கக்கூட நிற்காமல் மீதி ஐந்து கம்பியில் பாட்டை முடித்தான். அன்றைக்கு ஒட்டிய பெயர். என் தங்கையைக் கட்டிக்கொண்ட பிறகு, "மாப்பிள்ளைக்கு மரியாதை கொடுடா" என்று அம்மா சொன்னாள். ஒரு மாதம் 'வாங்க, போங்க' என்று சொல்லிப் பார்த்தேன். "மச்சான், உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று அவனே வந்து கேட்டான். அதோடு விட்டுவிட்டேன்.

நான் டிரம்ஸ். பகலில் பெயின்ட் கடையில் நிறம் கலக்குகிறேன். அவன் பகலில் லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டு மாடி அலுவலகக் கட்டடம், நான்கு லிஃப்ட். மாதத்துக்கு ஒரு தடவையாவது ஏதாவது ஒன்றில் யாராவது மாட்டிக்கொள்வார்கள். இவன் கதவுக்கு வெளியே நின்று, "காத்து வரும், பயப்படாதீங்க. கதவை மட்டும் நெம்பாதீங்க. இதுவரைக்கும் இதுல யாரும் செத்ததில்ல" என்பான். அந்தக் கடைசி வரியைச் சொல்லாதே என்று மேலாளர் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். அதுதான் ஆறுதல் என்று அவன் இன்னும் நம்புகிறான்.

சாயங்காலங்களில் மாஸ்டரின் மெல்லிசைக் குழு. மாஸ்டர் கீபோர்டு வாசிப்பார். பாடுவது அவர் மனைவி, எங்கள் எல்லோருக்கும் அண்ணி. திருமண வரவேற்பு, கம்பெனி ஆண்டு விழா, பள்ளிக்கூட ஆண்டு விழா, குடியிருப்போர் சங்கம் என்று பதினெட்டு வருஷமாக வாசிக்கிறோம். பெரிய குழு இல்லை. ஆனால் கூப்பிட்டவர்கள் மறுபடியும் கூப்பிடுவார்கள்.

அந்தப் பதினெட்டு வருஷமும் அவன் வாசித்தது மாஸ்டருடைய கிட்டார். முதல் வருஷமே அது வேனிலிருந்து கீழே விழுந்தது. வேன் கதவைச் சரியாகச் சாத்தாதது யார் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. நான் இல்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். விழுந்ததில் கிட்டாரின் கழுத்து ஒரு மயிரிழை வளைந்துவிட்டது. கழுத்தில் குறுக்கே வரிசையாகப் பதித்திருக்கும் உலோகக் கோடுகளை ஃபிரெட் என்போம். விரலை எந்த ஃபிரெட்டில் வைக்கிறோமோ அந்தச் சுரம் வரும். வளைந்த பிறகு, கடைசிக் கம்பியில் பதினான்காவது ஃபிரெட்டில் விரல் வைத்தால் சுரம் வராது. கதவைத் தட்டுகிற மாதிரி 'டொக்' என்று ஒரு சத்தம்தான் வரும். பழுது பார்க்கிறவர் கழுத்தையே மாற்ற வேண்டும் என்றார். மாஸ்டர், "ஒரே ஒரு சுரம்தானே, சுத்திப் போ" என்று சொல்லிவிட்டார்.

அந்த ஒரு சுரம் எங்கே வர வேண்டும் தெரியுமா? எல்லா மேடையிலும் ஜனங்கள் கேட்கிற ஒரு பழைய காதல் பாட்டு உண்டு. அதில் இரண்டாவது சரணத்துக்கு முன்னால் கிட்டார் தனியாக ஏறும். படி ஏறுகிற மாதிரி ஏழு சுரம் ஏறி, உச்சியில் போய் நிற்கும். நின்ற இடத்திலிருந்து அண்ணி பாட வேண்டும். அந்த உச்சிதான் பதினான்காவது ஃபிரெட். அதே சுரத்தைப் பக்கத்துக் கம்பியில் எடுக்கலாமே என்று கேட்பீர்கள். அதற்குக் கை கிட்டாரின் உடம்புக்குள்ளே போக வேண்டும், அந்த வேகத்தில் போகாது. ஆகவே கம்பி ஆறு படி ஏறுவான், ஏழாவது படியில் கால் வைக்காமல் பின்னால் சறுக்குவான். சறுக்கும்போது அரைத் தட்டு அளவுக்கு ஒரு ஓட்டை விழும். அந்த ஓட்டையில் நான் சிம்பல் என்கிற பித்தளைத் தகட்டில் 'டிஷ்' என்று ஒரு அடி போட்டு மூடுவேன். அண்ணி, அவன் சறுக்கி வந்து நிற்கிற கீழ்ச்சுரத்தைப் பிடித்துக்கொண்டு பாட ஆரம்பிப்பாள்.

யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததில்லை. ஆளுக்கு ஆள் ஒரு கை மண்ணைப் போட்டுப் பள்ளத்தை மூடினோம், அவ்வளவுதான். பழகிப் போய்விட்டது. ஜனங்களும் அந்த இடத்தில்தான் கைதட்டுவார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்?

போன வருஷக் கடைசியில் கம்பிக்கு ஒரு அழைப்பு வந்தது. ஏரிக்கரையில் புதிதாகத் திறந்த ஹோட்டலில் நான்கு பேர் கொண்ட குழு ஒன்று தினமும் வாசிக்கிறது. அதன் தலைவர், பேஸ் கிட்டார் வாசிக்கிற ஒல்லியான மனிதர், கம்பியின் கட்டடத்தில் லிஃப்டில் மாட்டிக்கொண்டார். வெளியே எடுத்துவிட்ட பிறகு பேச்சுக் கொடுத்ததில் இவன் கிட்டார்காரன் என்று தெரிந்தது. அவர்களுடைய ஆள் வெளிநாடு போகிறான், மூன்று வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை காலை வந்து வாசித்துக் காட்டுங்கள் என்றார். மாதச் சம்பளம், முழுநேர வேலை. அவனுக்கு அதெல்லாம் இரண்டாம் பட்சம். என்னிடம் அவன் சொன்னது இது:

"மச்சான், எனக்கு நாப்பத்தி மூணு வயசு. என்னால என்ன முடியும்னு எனக்கே தெரியாது. மாஸ்டர் கிட்டார்ல என்ன முடியும்னுதான் தெரியும்."

அடுத்த வாரமே புது எலக்ட்ரிக் கிட்டார் வாங்கினான். கறுப்புதான் கேட்டான், கடையில் ஈரச் செங்கல் நிறம்தான் இருந்தது. என் தங்கை அதைப் பார்த்துவிட்டு, "இருக்கறதை விட்டுட்டுப் பறக்கறதைப் பிடிக்கப் போறீங்களா?" என்றாள். சொல்லிவிட்டு அவளே தன் பழைய பருத்திப் புடவையைக் கிழித்து, துடைப்பதற்கு நான்கு துணி வெட்டிக் கொடுத்தாள். அவள் அப்படித்தான்.

நாள் கணக்கில் பார்த்தால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் எங்களுக்கு மூன்று நிகழ்ச்சி இருந்தது. அந்த மூன்றிலும் புதுக் கிட்டாரைக் கைக்குப் பழக்கிவிட வேண்டும் என்பது அவன் திட்டம்.

முதல் நிகழ்ச்சி ஒரு திருமண வரவேற்பு. குளிரூட்டிய மண்டபம். புதுக் கம்பிகள் இழுபட்டு அடிக்கடி சுருதி இறங்கின. பாட்டுக்குப் பாட்டு குனிந்து முறுக்கிக்கொண்டே இருந்தான். மேடைக்குப் பின்னால் மணமக்கள் பெயர் ஓடுகிற பெரிய மின்திரை. அதன் பக்கம் திரும்பினால் கிட்டாரில் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம். நண்டு மாதிரி ஒருக்களித்து நின்றால்தான் ரீங்காரம் அடங்கியது. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகு, பழைய கிட்டாரில் இருந்த இடத்தில் இல்லை. சுண்டு விரல் தெரியாமல் பட்டு, முதல் பாட்டிலேயே சத்தம் பாதியாகப் போனது. மாஸ்டர் கீபோர்டிலிருந்து திரும்பிப் பார்த்தார். இவன் அசடு வழிந்தான்.

நான்காவது பாட்டுக்கு மேல் என்னவோ ஆனது. பழைய கிட்டார் கனம், தோளை ஒரு பக்கமாக இழுக்கும். இது லேசு. அவன் நிமிர்ந்து நின்றான். தொட்ட இடத்தில் எல்லாம் சுரம் வந்தது. கழுத்தின் அடியிலிருந்து நுனி வரைக்கும் விரல் போகிறது, எங்கேயும் 'டொக்' இல்லை. இடைவேளையில் தண்ணீர் குடித்துக்கொண்டே சொன்னான்:

"மச்சான், எங்க கை வச்சாலும் சத்தம் வருது. பயமா இருக்கு."

"வராட்டித்தானேடா பயப்படணும்?"

"இல்ல. இனிமே தப்பு வந்தா அது என் தப்புதான். சொல்லித் தப்பிக்க ஒண்ணும் இல்ல."

'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்பார்கள். இவனுக்குப் பதினெட்டு வருஷம் கூடம் நிஜமாகவே கோணல். இப்போதுதான் யாரோ சமன் செய்து கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அவனைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இடைவேளைக்குப் பிறகு அந்தப் பாட்டு வந்தது. யாரிடமும் சொல்லாமல் அவன் ஏழு படியும் ஏறினான். உச்சிச் சுரம் வந்தது. சரியாக அதே கணத்தில் நான் 'டிஷ்' என்று அடித்தேன். பதினெட்டு வருஷப் பழக்கம், கை கேட்டா அடிக்கிறது? மண்டபத்தில் யாருக்கும் அந்தச் சுரம் கேட்டிருக்காது. அவனுடைய ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் நிற்கிற அண்ணிக்கு மட்டும் கேட்டது. அவள் வழக்கமாகப் பிடித்துக்கொள்கிற கீழ்ச்சுரம் அங்கே இல்லை. தடுமாறி, மேலே எங்கேயோ எடுத்து, குரல் கீச்சிட்டு, நிறுத்திவிட்டாள். இரண்டு வரி வெறும் தாளம் ஓடியது. மாப்பிள்ளைப் பையனின் நண்பர்கள் ஓ என்று கத்தினார்கள். அதை உற்சாகம் என்று எடுத்துக்கொள்ளலாம். அண்ணி அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

வேனில் ஏறும்போது அவள் கண் சிவந்திருந்தது. கோபமாகப் பேசியிருந்தால் கம்பியும் பதில் பேசியிருப்பான். அவள் கெஞ்சினாள்.

"தம்பி, எனக்குச் சுருதி ஞானம் எல்லாம் பெருசா கிடையாது. உனக்குத் தெரியும். நீ சறுக்கி வந்து நிப்ப பாரு, அதைப் பிடிச்சுத்தான் நான் ஏறுறேன். அதை எடுத்துட்டா நான் எங்க நிக்கறது?"

மாஸ்டர் முன் சீட்டிலிருந்து திரும்பாமலே சொன்னார்: "கம்பி, புது கிட்டார் நல்லா இருக்கு. சந்தோஷம். அந்த இடத்தை மட்டும் பழைய மாதிரியே வாசி."

"மாஸ்டர், அதுதான் சரியான சுரம். பாட்டுல அப்படித்தான் இருக்கு."

"பாட்டுல இருக்கறது பாட்டுக்காரங்களுக்கு. நம்மகிட்ட இருக்கறது நமக்கு. உன் விரல் நசுங்கின சமயத்துல, நாலு மாசம் நான்தானே ஒரு கையால உன் பாகத்தை கீபோர்டுல வாசிச்சேன்? வேற ஆளைப் போட்டேனா?"

அது உண்மை. லிஃப்ட் கதவில் இடது கை விரல் இரண்டு நசுங்கி அவன் வீட்டில் கிடந்தபோது, மாஸ்டர் மேடையில் அவன் நிற்கிற இடத்தைக் காலியாகவே விட்டு வைத்திருந்தார். கம்பி தலையை ஆட்டினான். திட்டுகிறவனிடமிருந்து ஓடிவிடலாம். நன்மை செய்தவனிடமிருந்து ஓடுவதற்கு வழி கிடையாது. எனக்கு அன்றைக்கு மாஸ்டர் மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது. இந்தப் பக்கம் தங்கை புருஷன், அந்தப் பக்கம் மாஸ்டர். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது டிரம்ஸ்காரனுக்கும் பொருந்தும்.

ஹோட்டல் விஷயம் மாஸ்டருக்குத் தெரியாது. அங்கே என்ன வாசிக்கச் சொல்வார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். கிட்டார்காரனைச் சோதிக்கிறவர்கள் எல்லோரும் அந்தக் காதல் பாட்டின் இடையிசையைத்தான் கேட்பார்கள். ஆகவே கம்பி இரட்டை வாழ்க்கை ஆரம்பித்தான். மேடையில் பழைய சறுக்கல், மதியத்தில் சரியான சுரம்.

மதியத்தில் என்றால், அவன் கட்டடத்தின் மொட்டை மாடியில் லிஃப்ட் மோட்டார் அறையில். வீட்டில் இரண்டு அறை, பிள்ளைகளுக்குப் பரீட்சை. அதனால் சாப்பாட்டு நேரத்தில் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையரோடு அங்கே போய் வாசிப்பான். பெயின்ட் கடை இரண்டு தெரு தள்ளி என்பதால் நானும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன். ஜன்னல் இல்லாத அறை. நான்கு மோட்டார், கிரீஸ் வாசனை, அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி வெக்கை. கீழே யாராவது பொத்தானை அழுத்தினால் பக்கத்தில் ஒரு மோட்டார் திடுக்கென்று உறுமும், இரும்புக் கயிறு சரசரவென்று ஓடும். கதவைத் திறந்து வைத்தால் காவலாளி வருவான் என்று சாத்திக்கொண்டுதான் வாசித்தான். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொள்ளும்.

மண்டபத்தில் ஏறிய விரல், இங்கே முதல் நாள் ஏழாவது படிக்குப் போகவே இல்லை. ஆறில் நின்று தானாகச் சறுக்கியது. மெதுவாக வாசித்தால் போகும், வேகம் ஏறினால் திரும்பிவிடும். "பாருடா, என் கை என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது" என்று சிரித்தான். நான்காவது நாள் சிரிக்கவில்லை. இடது கையை வலது கையால் பளாரென்று அடித்தான். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று நான் ஏதோ உளற, "இப்ப அதை ஏன்டா சொல்ற?" என்று கத்தினான். நிஜமான கோபம். மன்னிப்புக் கேட்டேன்.

வேகத்துக்குத் தாளம் வேண்டும் என்றான். கருவிப்பெட்டி மேல் கரண்டியால் தட்டிக்கொண்டு, டிரம்ஸ் முழுவதையும் வாயாலேயே சொன்னேன். தும் தக, தும் தும் தக. இரண்டாவது வாரம் விரல் பிடிபட்டது. பத்துக்கு ஏழு தடவை, பிறகு பத்துக்கு ஒன்பது. அந்தச் சுரம் அந்தச் சூட்டு அறையில் வந்து நிற்கும்போது, மோட்டார் சத்தத்துக்கு மேலே கணீரென்று கேட்கும். அவன் கண்ணை மூடிக்கொள்வான். பதினெட்டு வருஷத்தில் அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் மேடைக்குப் போவோம். அங்கே அதே விரலைச் சறுக்கச் சொல்ல வேண்டும். இரண்டாவது நிகழ்ச்சி ஒரு கம்பெனி ஆண்டு விழா. புல்தரையில் மேடை, செங்கல் நிறக் கிட்டார் விளக்கில் மினுமினுத்தது. மேலாளர் ஒருவர் வந்து, "புதுசா? சத்தம் பிரமாதம்" என்று கையைக் குலுக்கினார். அந்தப் பாட்டில் கம்பி கச்சிதமாகச் சறுக்கினான். நான் அடித்தேன். அண்ணி பாடினாள். மாஸ்டர் திருப்தியாகத் தலையசைத்தார். அடுத்த நாள் மதியம் விரல் மறுபடியும் ஆறில் நின்றது. பத்துக்கு நான்குதான் ஏறியது.

"பகல்ல கட்டறேன், சாயங்காலம் இடிக்கறாங்க" என்றான். மூன்றாவது நிகழ்ச்சிக்குப் பிறகும் அதே கதை. வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் சாப்பிடாமல் வாசித்தான். சனிக்கிழமை பத்துக்குப் பத்து வந்தது. வந்ததும் கிட்டாரைப் பெட்டியில் வைத்துப் பூட்டினான். இனிமேல் காலையில்தான் தொடுவேன் என்றான்.

ஹோட்டலில் அவர்களுக்கு டிரம்மர் இருந்தான். அவன் அடிக்கட்டுமே என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

"வேண்டாம் மச்சான். வேற ஆள் அடிச்சா எனக்குக் கை ஓடாது. நீதான் வரணும்."

எனக்குப் பெருமையாக இருந்தது. மறைப்பானேன்? சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். போகும் வழியில், "அந்த இடத்துல மட்டும் சிம்பலைத் தொடாதே" என்றான். "சின்னப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லாதடா" என்றேன்.

காலை பத்து மணி. விருந்துக்கூடத்தில் நாற்காலிகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள். ஒரு பெண் இயந்திரத்தால் தரைவிரிப்பைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள், நாங்கள் வந்ததும் நிறுத்தினாள். தலைவர் டீக் கோப்பையோடு வந்தார். அவர்களுடைய டிரம்மர், மரியாதையான ஆள், எனக்காக நாற்காலி உயரத்தைச் சரி செய்து கொடுத்தான். இரண்டு பாட்டு வாசித்தோம். கம்பி பிரமாதமாக வாசித்தான். தலைவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தன் பேஸ் கிட்டாரை எடுத்து எங்களோடு சேர்ந்துகொண்டார். அது நல்ல சகுனம். பிறகு, நாங்கள் எதிர்பார்த்த மாதிரியே அந்த இடையிசையைக் கேட்டார்.

கம்பி ஏறினான். ஒன்று, இரண்டு, மூன்று. நான் சிம்பலைப் பார்க்கவே கூடாது என்று தரையைப் பார்த்தேன். ஆறு. ஏழு. விரல் போய் நின்றது. நின்ற அதே நொடியில் என் கை அடித்தது. புதுச் சிம்பல், பெரியது. கூடம் முழுவதும் 'டிஷ்'.

தலைவர் கையை உயர்த்தினார். "மன்னிச்சுக்கங்க. அந்த உச்சி எனக்குக் கேக்கல. சிம்பல் அமுக்கிடுச்சு. இன்னொரு தடவை?"

கம்பி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதுவே எனக்கு உறைத்தது. இரண்டாவது தடவை வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, இடது கையாலும் காலாலும் மட்டும் அடித்தேன். அவன் ஏறினான். ஆறாவது படி வந்தது. என் சிம்பல் வரவில்லை. சுத்தமான மௌனம். அந்த மௌனத்தில் அவன் விரல் ஒரு கணம் காற்றில் நின்றது, பிறகு சறுக்கியது. பதினெட்டு வருஷமாகச் சறுக்குகிற அதே சறுக்கல்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. மோட்டார் அறையில் நான் வாயால் தாளம் சொன்னபோது, அந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் 'டிஷ்' என்று சொல்லியிருக்கிறேன். அவன் காதும் அதைக் கேட்டிருக்கிறது, இரண்டு பேருமே கவனிக்கவில்லை. என் சத்தத்தில் காலை ஊன்றித்தான் அவன் அந்தப் படி ஏறக் கற்றுக்கொண்டிருக்கிறான். நான் அடித்தால் அவன் சுரம் கேட்காது. அடிக்காவிட்டால் அவனுக்குச் சுரம் வராது.

தலைவர் நல்ல மனிதர். சிரித்துக்கொண்டே சொன்னார்: "ரெண்டு பேரும் ரொம்ப வருஷமா சேர்ந்து வாசிக்கறீங்க போல. கேட்டாலே தெரியுது." அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். பிறகு கம்பியைப் பார்த்து, "ஒண்ணு பண்ணலாமா? எங்க டிரம்மர் அடிக்கட்டும். ஒரு அஞ்சு நிமிஷம் அவரோட சும்மா வாசிச்சுப் பழகிட்டு, அப்புறம் அதே இடத்தை வாசிங்க. அவசரமே இல்ல" என்றார்.

நான் எழுந்தேன். குச்சிகளைக் கையில் பிடித்துக்கொண்டு நாற்காலி பக்கத்தில் நின்றேன். கம்பி இப்போது என்னைப் பார்த்தான். நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். 'வாசி மாப்ளே' என்று இரண்டு வார்த்தை. அவ்வளவுதான். அந்த டிரம்மரோடு ஐந்து நிமிஷம் வாசித்தால் அவனுக்கு அது வந்துவிடும். அது எனக்குத் தெரிந்தது. நான் இல்லாமல் வந்துவிடும் என்பதும் தெரிந்தது. அதற்குப் பிறகு மாஸ்டர், அண்ணி, வேறு ஏதோ ஒரு கிட்டார்காரன், நடுவில் நான். அதை நினைத்ததும் வாய் திறக்கவில்லை. என் முகத்தில் என்ன இருந்ததோ, அவன் அதைப் பார்த்துவிட்டான்.

"வேண்டாம் சார்," என்றான். "எனக்கு இவன்தான் பழக்கம்."

தலைவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். அவன் கிட்டார் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்ததும் கைகுலுக்கி அனுப்பிவைத்தார். வெளியே ஏரிக்கரையில் பேருந்துக்கு நின்றோம். நான், "மாப்ளே..." என்று ஆரம்பித்தேன். "விடு மச்சான், வெயில் ஏறுது" என்றான். வீட்டில் என் தங்கை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். "என்னாச்சு?" என்று கேட்டாள்.

"எனக்குத்தான் கை வரல" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினான்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் அதையும் மறுக்கவில்லை. "போனா போகுது, உட்காருங்க" என்று எங்கள் இரண்டு பேருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள். அந்த டீயையும் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன். என்னைப் போல ஒருவனை நான் வேறு எங்கேயாவது பார்த்திருந்தால், முகத்துக்கு நேரே நன்றாகக் கேட்டிருப்பேன்.

புதன்கிழமை ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழா. நான் ஒரு முடிவோடு போனேன். அண்ணி கீச்சிட்டாலும் சரி, மாஸ்டர் கத்தினாலும் சரி, அந்த இடத்தில் அடிக்கப் போவதில்லை. அவன் ஏறட்டும், ஏறாவிட்டால் அடுத்த தடவை ஏறட்டும், எத்தனை மேடை ஆனாலும் ஆகட்டும். அப்படியாவது அவனுக்கு நான் ஏதாவது செய்ய வேண்டும்.

பாட்டு வந்தது. கம்பி நிமிர்ந்து நின்று ஏற ஆரம்பித்தான். மூன்றாவது படியில் என் வலது கையைத் தொடை மேல் வைத்தேன். அது அவன் கடைக்கண்ணில் பட்டிருக்க வேண்டும். வாசித்துக்கொண்டே தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். கோபமில்லை. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் பேசுகிற அதே நிதானமான முகம்.

"அடி மச்சான்" என்றான்.

அடித்தேன். அவன் சறுக்கினான். அண்ணி சரியான இடத்தில் எடுத்தாள், கூட்டம் கைதட்டியது, மாஸ்டர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தார்.